காலி முகம்: மனசில இருக்கிறது ஏன் மூஞ்சியில வருதில்லை, அதைப் பழக ஏலுமா?

கலியாண வீட்டு அல்பம் வந்திருக்கும், எல்லாரும் பல்லுத் தெரிய நிப்பினம், நடுவில ஒருத்தர் மட்டும் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிப்பார், கேட்டா அவருக்கு அண்டைக்கு உண்மையிலேயே நல்ல சந்தோசம். இப்பிடியான ஆக்களுக்கு "ஏன் உம்மெண்டு இருக்கிறீங்க", "என்னோட கோவமா" எண்ட கேள்வி வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். முந்தி இது வீட்டுப் பகிடியோட முடிஞ்சு போகும். இப்ப வேலை இன்டர்வியூ சூமில நடக்குது, மீட்டிங் முழுக்கத் தன்ர மூஞ்சியைத் தானே பாத்துக்கொண்டு இருக்க வேண்டிக் கிடக்கு, மூஞ்சியைப் பாத்து மனசைச் சொல்லுறம் எண்டு சொப்ட்வெயார் வேற வந்திட்டுது, இன்னொரு பக்கம் "கண்ணால சிரிக்கப் பழகுங்க" எண்டு அரை நிமிச வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு. இதில எது உண்மை எது சும்மா கதை எண்டு அடியில இருந்து பாப்பம்.

முதல்ல மூண்டு படியைப் பிரிக்க வேணும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" எண்டு சின்ன வயசிலயே மண்டையில ஏத்தி விட்டதால, மனசில ஒண்டு நடந்தா அது தானா மூஞ்சியில வந்து நிக்கும் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறம். உண்மையில இடையில படிகள் இருக்கு:

1. உணர்ச்சி உண்டாகிறது. நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது, வயித்தைப் பிசையுது, உடம்பு மாறுது.
2. அது என்ன உணர்ச்சி எண்டு தனக்கே விளங்கிறது. இது பயமா, கவலையா, கோவமா, இல்லாட்டி மத்தியானம் சாப்பிடாத பசியா.
3. அது வெளியில தெரியிறது. மூஞ்சியில, குரலில, கையில, நிக்கிற விதத்தில.

இதில எந்தப் படியிலயும் நூல் அறலாம். ரெண்டாவது படியில அறுந்தா அதுக்கு அலெக்சிதைமியா எண்டு பேர், 1970களில பீட்டர் சிஃப்னியோஸ் எண்ட மனநல வைத்தியர் கிரேக்கச் சொல்லுகளைச் சேத்து வச்ச பேர், உணர்ச்சிக்குச் சொல் இல்லாத நிலை எண்டு அர்த்தம். அது வருத்தம் எண்டு சொல்லுறதை விட ஒரு குணம் எண்டு சொல்லலாம், சிலருக்குக் கொஞ்சம், சிலருக்குக் கனக்க. தனக்குள்ள நடக்கிறது என்னெண்டு தெரியாத ஆளுக்குக் கண்ணாடிக்கு முன்னால சிரிப்புப் பழக்கிப் பிரயோசனம் குறைவு, அவருக்கு முதல்ல உடம்பில நடக்கிறதைக் கவனிச்சு அதுக்கு ஒரு பேர் வைக்கப் பழக வேணும். இந்தக் கட்டுரை கூடுதலா மூண்டாவது படியைப் பற்றினது, அதாவது சந்தோசம் எண்டு தனக்கு நல்லாத் தெரியும், ஆனா பாக்கிற ஆக்களுக்குத் தெரியிறேல்லை எண்ட கேஸ்.

மூஞ்சித் தசை மற்றத் தசை மாதிரி இல்லை

கை கால் தசையெல்லாம் எலும்பில தொடங்கி எலும்பில முடியும், அதுகின்ர வேலை மூட்டை அசைக்கிறது. மூஞ்சியில கிட்டத்தட்ட 40 சின்னத் தசைகள் இருக்கு, அதில கனக்க எலும்பில தொடங்கித் தோலில போய் முடியுது, அதால அது இழுக்கேக்க தோல் மடியுது, அந்த மடிப்பைத்தான் நாங்க சிரிப்பு, முறைப்பு, அழுகை எண்டு பாக்கிறம். இதுகளை ஓட்டுறது ஏழாவது மண்டை நரம்பு. அது காதுக்குப் பின்பக்கம் எலும்புக்குள்ளால வந்து நெத்தி, கண்ணும் கன்னமும், வாய், நாடி, கழுத்து எண்டு அஞ்சு கிளையாப் பிரியுது. பல்லைக் கடிக்கிற, சப்புற தசை மட்டும் இதோட சேராது, அது அஞ்சாவது நரம்பின்ர ஆள், இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்க, பிறகு தேவைப்படும்.

எந்தத் தசை என்ன செய்யுது எண்டு ஒழுங்கா முதல்ல பிரிச்சுக் காட்டினவர் டுஷேன் எண்ட பிரெஞ்சு வைத்தியர், 1862இல. அவர் ஆக்களின்ர மூஞ்சியில கரண்டைக் குடுத்து ஒவ்வொரு தசையாச் சுருக்கிப் போட்டோ எடுத்தார், இப்ப கேக்கவே கொஞ்சம் பயங்கரமாத்தான் இருக்கு. 1872இல டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதேக்க அந்தப் போட்டோக்களில சிலதைப் பாவிச்சார். பிறகு 1978இல போல் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் எண்ட ரெண்டு பேர் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நம்பர் போட்டு ஒரு பட்டியல் செஞ்சினம்: வாய் ஓரத்தை மேல இழுக்கிறது 12, கன்னத்தை உயர்த்திக் கண்ணைச் சுத்திச் சுருக்கிறது 6, புருவத்தை இறக்கி ஒண்டாச் சேக்கிறது 4. சிரிப்பு எண்டு நாங்க சொல்லுறது அவைக்கு "6ம் 12ம்". மனசில என்ன எண்டு இந்த நம்பர் சொல்லாது, தோல் எங்க மடிஞ்சுது எண்டு மட்டும்தான் சொல்லும், இந்த வித்தியாசத்தைக் கனபேர் விட்டிடுகினம்.

ஒரே மூஞ்சிக்கு ரெண்டு ரோட்டு

இதுதான் முழுக் கதைக்கும் சாவி. மூளையில இருந்து மூஞ்சிக்கு ஓடர் வாறது ஒரே பாதையால இல்லை.

கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைப் பக்கம் போறதா இருந்தா காலி வீதியாலயும் போகலாம், கடற்கரையோட மரைன் டிரைவாலயும் போகலாம், ரெண்டும் கொள்ளுப்பிட்டியில சேந்திடும், அதுக்கு அங்கால காலிமுகத்திடல் வரைக்கும் ஒரே பாதை. மூளையிலயும் இந்தக் கதைதான்:

1. காலி வீதி: "இப்ப சிரி" எண்டு நினைச்சுச் செய்யிற அசைவு. மூளையின்ர மேல்பக்கத்தில அசைவுக்கான பகுதியில இருந்து நேரா வாறது. போட்டோக்காரன் "ஸ்மைல் ப்ளீஸ்" எண்டேக்க வேலை செய்யிறது இது.
2. மரைன் டிரைவ்: பகிடி கேட்டுத் தன்னறியாமச் சிரிக்கிற அசைவு. மூளைக்கு ஆழத்தில, உணர்ச்சியோட சம்பந்தப்பட்ட இடங்களில இருந்து வாறது.
3. கொள்ளுப்பிட்டி: மூளைத்தண்டில ஏழாவது நரம்பு தொடங்கிற இடம். ரெண்டும் இங்க சேருது.

இதை டொக்டர்மார் நோயாளிகளில கண்ணாலயே பாக்கினம். ஸ்ட்ரோக் வந்து முதல் பாதை மட்டும் அடிபட்ட ஆளிட்டப் "பல்லைக் காட்டுங்க" எண்டு கேட்டா ஒரு பக்கம் இழுக்காது, ஆனா பேரப்பிள்ளை வந்து ஏதும் குழப்படி செஞ்சா ரெண்டு பக்கமும் வடிவாச் சிரிப்பார். எதிர்ப்பக்கமும் இருக்கு, சொன்னாச் சரியாச் சிரிப்பினம், உண்மையாச் சிரிப்பு வரேக்க ஒரு பக்கம் மந்தமா நிக்கும். பார்க்கின்சன் வருத்தத்தில ரெண்டாவது பாதைதான் கூடப் பாதிக்கப்படுது, அதாலதான் அவை உள்ளுக்கு நல்லா ரசிச்சுக்கொண்டு இருப்பினம், மூஞ்சி முகமூடி போட்ட மாதிரி இருக்கும். பெல்ஸ் பால்சி எண்டு சொல்லுற முகவாதம் வந்தா கொள்ளுப்பிட்டிக்கு அங்கால, காலிமுகத்திடலில ரோட்டை மறிச்ச மாதிரி, ரெண்டு பாதையால வாறதும் அந்தப் பக்கம் நிண்டு போகும், நெத்தியைக் கூடச் சுருக்க ஏலாது. (கொழும்பில இருக்கிற நாங்க ஒரு நாளைக்கு நாலு தரம் காலிமுகம் எண்டு சொல்லுறம், அந்தச் சொல்லைப் பிரிச்சுப் பாத்தா என்ன வருது எண்டு யோசிக்கிறேல்லை.)

இரண்டாவது பாதைக்குப் பாத்துப் பழகத் தேவையில்லை எண்டதுக்கும் நல்ல ஆதாரம் இருக்கு. 2004இல ஏதென்ஸில நடந்த ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோப் போட்டி முடிவில எடுத்த போட்டோக்களை மட்சுமோட்டோவும் வில்லிங்ஹாமும் ஒப்பிட்டுப் பாத்தினம், 2009இல வெளியிட்டினம். பிறவியிலயே கண் தெரியாத வீரர்களும் வெண்டா, தோத்தா, கண் தெரிஞ்ச வீரர்கள் மாதிரியேதான் மூஞ்சியை வச்சிருந்தினம். வாழ்க்கையில ஒரு தரமும் இன்னொருத்தரின்ர மூஞ்சியைப் பாக்காதவை! அப்ப அடிப்படை வயரிங் எல்லாரிட்டயும் இருக்கு, எங்க எவ்வளவு காட்டிறது எண்ட பழக்கம்தான் ஆளாளுக்கு மாறுது.

தன்ர மூஞ்சி தனக்குத் தெரியாது

வொயிஸ் மெசேஜில தன்ர குரலைக் கேட்டு "ஐயோ நான் இப்பிடியா கதைக்கிறன்" எண்டு போனை வச்ச அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். மூஞ்சி அதை விட மோசம். கையைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் அது எங்க நிக்குது எண்டு தெரியிறதுக்குக் காரணம் தசைக்குள்ள இருக்கிற சின்ன உணரிகள், எவ்வளவு இழுபட்டுது எண்டு மூளைக்குச் சொல்லிக்கொண்டு இருக்கும். மூஞ்சித் தசைகளில இந்த உணரிகள் கிட்டத்தட்ட இல்லை எண்டே சொல்லலாம், தோல் இழுபடுற உணர்வை வச்சுத்தான் மூளை ஒரு குத்துமதிப்புக்கு வருது. அதனால உள்ளுக்கு இருந்து பாக்கேக்க "நான் நல்லாச் சிரிச்சனே" எண்டு தோணும், வெளியில வாய் ஓரம் ஒரு நூல் அளவுதான் அசைஞ்சிருக்கும்.

1995இல பார், கிளெக் எண்ட ரெண்டு ஆய்வாளர் இதைத்தான் சோதிச்சவை. பகிடி வீடியோ பாக்க விட்டு, உங்கட மூஞ்சி எவ்வளவு காட்டிச்சு எண்டு கேட்டினம், ஆக்கள் கனக்கக் காட்டினம் எண்டு சொல்லிச்சினம், பிறகு அவையின்ர வீடியோவையே போட்டுக் காட்ட, இவ்வளவுதானா எண்டு திகைச்சுப் போச்சினம். 1998இல கிலோவிச்சும் கூட்டாளிகளும் இதுக்குப் பக்கத்தில இன்னொண்டைக் கண்டுபிடிச்சினம், மோசமான ருசியுள்ள குடிபானத்தைக் குடிச்சிட்டு மூஞ்சியைக் காட்டாம இருக்கச் சொன்னா, குடிச்ச ஆள் "எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பினம்" எண்டு நினைக்குது, பாத்துக்கொண்டு இருந்தவைக்கு அவ்வளவு தெரியேல்லை. எங்கட உள் வீட்டுச் சத்தம் எங்களுக்குப் பெரிசாக் கேக்கிறதால தெரு முழுக்கக் கேக்கும் எண்டு நினைக்கிறம், அவ்வளவுதான் விசயம்.

இதில இருந்து வாற முடிவு முக்கியம்: "உணர்ச்சி இல்லாத ஆள்" எண்டு பேர் வாங்கின கனபேருக்கு உணர்ச்சியில ஒரு குறையும் இல்லை, வொலியூம் எவ்வளவில நிக்குது எண்டு அவைக்குத் தெரியாது.

மூஞ்சி ஏன் காலியாகுது

காரணம் பல, அதுக்கேத்த மாதிரி வழியும் வேற. சும்மா பழக்கத்தால வாறதில இருந்து டொக்டரிட்ட ஓட வேண்டியது வரைக்கும் வரிசையாப் பாப்பம்.

1. வளர்ப்பு. எந்த இடத்தில எதை எவ்வளவு காட்டலாம் எண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஊருக்கும் எழுதாத சட்டம் இருக்கு, எக்மனும் ஃப்ரீசனும் 1969இல இதுக்குக் காட்சி விதிகள் எண்டு பேர் வச்சினம். "பொம்பிளைப் பிள்ளை பல்லுத் தெரியச் சிரிக்காத", "ஆம்பிளை அழுறதா" எண்டதெல்லாம் இதுதான். எங்கட ஆக்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கு, யுத்த காலத்தில கொழும்பில சோதனைச் சாவடியில அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிக்கேக்க சிரிச்சாலும் பிழை, முறைச்சாலும் பிழை, மூஞ்சியைத் துடைச்சு வச்ச மாதிரி வச்சிருக்கப் பழகின ஒரு தலைமுறை இருக்கு. அந்தப் பழக்கம் சாவடியைக் கழட்டின உடன கழண்டு போகும் எண்டு எதிர்பாக்க ஏலாது, அது பிள்ளைகளுக்கும் கொஞ்சம் போயிருக்கும் எண்டதுதான் என்ர எண்ணம்.

2. யோசினை. டார்வின் கவனிச்ச ஒரு விசயம், புருவத்தைச் சுருக்கிற தசை கோவத்தில மட்டும் இல்லை, மனசுக்குக் கஷ்டமான ஒண்டை யோசிக்கேக்கயும் சுருங்குது. பாங்க் கவுண்டரில சரியான சிங்களச் சொல்லைத் தேடிக்கொண்டு நிக்கிற தமிழ் ஆளின்ர நெத்தியைப் பாருங்க, 4ஆம் நம்பர் அப்பிடியே இறங்கி நிக்கும். கவுண்டரில இருக்கிற பிள்ளைக்கு அது "இந்த அங்கிள் என்னோட சண்டைக்கு வாறார்". ரெண்டாம் மொழியில கதைக்கிற ஆக்கள் நிறைஞ்ச ஊரில இதால நடக்கிற மனக்கசப்பை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை.

3. ஓட்டிசம். இங்க மூஞ்சி காட்டுற விதமும் நேரமும் வேற மாதிரி இருக்கலாம், உணர்ச்சி குறைவு எண்டு அர்த்தம் இல்லை. டேமியன் மில்டன் எண்டவர், அவரே ஓட்டிசம் உள்ளவர், 2012இல சொன்னார், விளங்காமல் போறது ரெண்டு பக்கத்தாலயும்தான் எண்டு, மற்ற ஆக்களுக்கும் ஓட்டிசம் உள்ள ஆளின்ர மூஞ்சியை வாசிக்கத் தெரியிறேல்லை. நாள் முழுக்க மற்றவையைப் போல நடிச்சுக்கொண்டு இருக்கிறது களைச்சுப் போற வேலை எண்டு கனபேர் சொல்லியிருக்கினம், அதனால இவையைக் கட்டாயப்படுத்திச் சிரிப்புப் பழக்கிறது நல்ல யோசினை இல்லை.

4. மனச்சோர்வு, மருந்துகள், ஊசி. முந்தி நல்லாச் சிரிச்ச ஆள் கொஞ்ச மாசமா மூஞ்சி வெறுமையா, நித்திரை இல்லை, எதிலயும் ஆசை இல்லை எண்டா அது மூஞ்சிப் பிரச்சினை இல்லை. இலங்கையில தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சில மனநல மருந்துகளும் பார்க்கின்சன் மாதிரி மூஞ்சியை இறுக்கும், அப்பிடி எண்டா மருந்தைத் தானா நிப்பாட்டாமக் குடுத்த டொக்டரிட்டச் சொல்ல வேணும். நெத்திச் சுருக்கத்துக்கு பொடொக்ஸ் போட்டா அந்தத் தசை சில மாசத்துக்கு வேலை செய்யாது, காசு குடுத்து வாங்கின காலி நெத்தி அது.

5. நரம்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரெண்டு தொங்கினா இந்தக் கட்டுரையை மூடிப்போட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்க, ஸ்ட்ரோக்கா முகவாதமா எண்டு வீட்டில இருந்து யோசிக்கிற நேரம் இல்லை அது. முகவாதம் எண்டாலும் ஸ்டீரொயிட் மருந்து முதல் 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன். மெதுமெதுவா மாசக்கணக்கில மூஞ்சி மந்தமாகி, எழுத்து சின்னனாகி, கை நடுங்கத் தொடங்கினா நரம்பியல் டொக்டரைப் பாக்க வேணும்.

"கண்ணால சிரிச்சாத்தான் உண்மைச் சிரிப்பு" எண்டது சரியா?

பாதி சரி. டுஷேன் சொன்னது, வாய் ஓரத் தசையை நினைச்ச நேரம் இழுக்கலாம், கண்ணைச் சுத்தியுள்ள தசை உண்மைச் சந்தோசத்துக்குத்தான் வரும் எண்டு. அதாலதான் கண் சுருங்கிற சிரிப்புக்கு டுஷேன் சிரிப்பு எண்டு பேர் வந்தது. ஆனா பிறகு செய்த ஆய்வுகளில கனபேர் கேட்ட உடன கண்ணையும் சேத்துச் சுருக்கிக் காட்டினம். அதோட பெரிய சிரிப்பாச் சிரிச்சா கன்னம் மேல போய்க் கண் தானாவே சுருங்கும், அதில உண்மை பொய் எண்டு ஒண்டும் இல்லை. 6ஆம் நம்பர் வந்தா உண்மை, வராட்டிப் பொய் எண்டு மச்சானின்ர சிரிப்புக்குத் தீர்ப்பு எழுதிறது சும்மா விசர்க் கதை.

பாக்கிற ஆளுக்குக் கூட உறைக்கிறது நேரக்கணக்கு. தானா வாற சிரிப்பு மெதுவா ஏறும், கொஞ்சம் நிக்கும், மெதுவா இறங்கும், ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் குறைய இருந்து நாலு செக்கன் வரைக்கும்தான். நினைச்சுச் சிரிக்கிறது சுவிட்சைப் போட்ட மாதிரி டக்கெண்டு வரும், போட்டோ எடுக்கப் பிந்தினா அப்பிடியே உறைஞ்சு நிக்கும், பிறகு டக்கெண்டு அணையும்.

அப்ப என்னெண்டு பழகிறது

"இயல்பா" ஒரு பாவனை வரவேணும் எண்டா புதுசா ஒண்டை ஒட்டுறதை விட இருக்கிறதுக்கு வழி விடுறதுதான் கூட வேலை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு இளிச்சுப் பழகிறதால பெரிசா ஒண்டும் வராததுக்குக் காரணம், அது முழுக்கக் காலி வீதிப் பயிற்சி, கண்ணாடியைப் பாத்த உடன நீங்க போஸ் குடுக்கத் தொடங்கிடுவீங்க. இந்த ஒழுங்கில செய்யுங்க:

1. முதல்ல அளந்து பாருங்க. நல்லாப் பழகின ஒரு ஆளோட, அக்காவோ சிநேகிதனோ, கதைக்கேக்க போனை எங்கையாவது சாத்தி வச்சு ஒரு பத்து நிமிசம் வீடியோ எடுங்க, அவவிட்டயும் சொல்லிப்போட்டு. அடுத்த நாள் சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்க. "இந்த இடத்தில எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது" எண்டு ஞாபகம் இருக்கிற இடத்தில மூஞ்சியில என்ன இருக்கு? கொஞ்சம் கசக்கும், பரவாயில்லை, இந்த ஒரு தரவு இல்லாட்டி மிச்சமெல்லாம் குருட்டு வேலை.

2. வொலியூமைச் சரிபாருங்க. ஒரே விசயத்தை, "மெய்யாவா! எப்ப?" எண்ட மாதிரி ஒரு வசனத்தை, கொஞ்சமா, நடுத்தரமா, கூடவா எண்டு மூண்டு அளவில சொல்லி எடுங்க. மற்ற ஆளிட்டக் காட்டி எது எது எண்டு கேளுங்க. அமைதியான ஆக்களுக்குக் கனக்க நேரம் தாங்கள் "ஓவர்" எண்டு வெக்கப்பட்ட மூண்டாவதுதான் மற்ற ஆளுக்குச் சாதாரணமாத் தெரியும். அந்த அளவில உள்ளுக்குத் தோல் எப்பிடி இழுபடுது எண்ட உணர்வைப் பிடிச்சு வச்சிருங்க, அதுதான் இனி உங்கட மீற்றர்.

3. இறுக்கத்தை விடுங்க. காலியாத் தெரியிற மூஞ்சி கனக்க நேரம் காலி இல்லை, பிடிச்சு வச்சிருக்கிற மூஞ்சி. பல்லுக் கடிபட்டிருக்கும், நாக்கு மேலண்ணத்தில ஒட்டியிருக்கும், நெத்தி இழுத்துப் பிடிச்சிருக்கும். முந்திச் சொன்ன அஞ்சாவது நரம்பின்ர தாடைத் தசை இறுகி இருந்தா வாய் ஓரம் லேசா அசையாது. பல்லு ரெண்டும் தொடாம, உதடு மட்டும் மூடி இருக்கிறதுதான் தாடைக்கு ஓய்வு நிலை. காலி வீதி டிராஃபிக்கில பஸ்ஸுக்குள்ள இருக்கிற நேரம் இதைச் செய்து பாக்கத் தோதான நேரம், எப்பிடியும் வேற வேலை இல்லை.

4. உள்ளுக்கிருந்து தொடங்குங்க. ஆளைக் காணேக்க "சிரிக்க வேணும்" எண்டு நினைக்காமல் அவரோட சம்பந்தப்பட்ட ஒரு நல்ல சம்பவத்தை நினைச்சால், கதவு மரைன் டிரைவ் பக்கத்தால திறக்கும். வெள்ளவத்தையில, கொட்டாஞ்சேனையில பரதம் பழகிற பிள்ளைகளுக்கு இது புதுசில்லை, ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் எண்டு அபிநயத்தை நாலாப் பிரிச்சதில கடைசி, உள் நிலையில இருந்து வாறது. ஆனா ஒண்டு, மேடைப் பாவனை கடைசி வரிசைக்குத் தெரியச் செய்யிறது, அதை அப்பிடியே கொண்டு வந்து ஒபீஸ் லிஃப்டுக்குள்ள காட்டினா ஆக்கள் பயந்திடுவினம்.

5. கேக்கிற மூஞ்சியைப் பழகுங்க. எல்லாரும் சிரிப்பைப் பற்றியே யோசிக்கினம், ஆனா நாளில பாதி நாங்க மற்றவை சொல்லுறதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். புருவம் ஒரு துளி மேல, ஒரு தலையசைப்பு, ஒரு "ம்ம்", "அப்பிடியா", இவ்வளவும் போதும், சொல்லுற ஆள் சுவரோட கதைக்கேல்லை எண்டு விளங்கிக்கொள்ளும். கோவமா எண்டு கேள்வி வாறது பெரும்பாலும் இந்த இடத்தில இருந்துதான்.

6. நட்டம் இல்லாத இடத்தில பரீட்சை பண்ணுங்க. மரக்கறிக் கடை, பஸ் கொண்டக்டர், ஃபிளாட் செக்கியூரிட்டி அண்ணா. இன்டர்வியூ நாளண்டு புதுசா ஒண்டையும் செய்ய வேண்டாம், அண்டைக்கு சூமில தன்ர படத்தை மறைச்சு விடுற பட்டனை அமத்திப்போட்டு எதிரில இருக்கிற ஆளைப் பாருங்க.

முகவாதம் வந்து மாறிக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு மேல சொன்னது பொருந்தாது. அவை பலமா மூஞ்சியை இழுத்துப் பயிற்சி செய்யக் கூடாது, நரம்பு பிழையாக் கோத்துக்கொண்டு வாயை அசைச்சாக் கண் மூடுற மாதிரி வரலாம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தாற மெதுவான சின்ன அசைவுதான் சரி.

சிரிச்சால் சந்தோசம் வருமா?

1988இல ஒரு ஆய்வு, பேனையைப் பல்லால கடிச்சுப் பிடிச்சா வாய் தானாச் சிரிக்கிற வடிவுக்கு வரும், அப்பிடி வச்சுக் கார்ட்டூன் பாத்தவைக்குப் பகிடி கூடத் தெரிஞ்சுது எண்டு சொல்லிச்சு, உலகம் முழுக்கப் பிரபலம். 2016இல 17 ஆய்வுகூடங்கள் அதையே திருப்பிச் செய்தினம், அந்த முடிவு வரேல்லை. 2022இல 19 நாட்டில 3,878 பேரை வச்சு இன்னொரு தரம் பாத்தினம், சிரிச்ச போட்டோவைப் பாத்து அதே மாதிரிச் சிரிக்கிறது, தானா வாய் ஓரத்தை உயர்த்திறது ரெண்டாலயும் மனசு ஒரு துளி நல்லாகுது, பேனை வித்தையால மட்டும் தெளிவா ஒண்டும் தெரியேல்லை. ஆக, இருக்கு, ஆனா சின்னன். மனச்சோர்வில இருக்கிற ஆளிட்டப் போய்க் "கொஞ்சம் சிரியுங்கோ சரியாயிடும்" எண்டு சொல்லுற அளவுக்கு இல்லவே இல்லை.

சம்பளத்துக்குச் சிரிக்கிற ஆக்களின்ர கதை வேற. 1983இல ஆர்லி ஹொக்‌ஷீல்ட் எண்ட சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதேக்க இதைப் பிரிச்சார்: உள்ளுக்கு ஒண்டும் இல்லாம மூஞ்சியில மட்டும் பூசுறது மேல் நடிப்பு, உள் நிலையையே கொஞ்சம் மாத்திக் கொண்டு வாறது ஆழ் நடிப்பு. பிறகு வந்த கனக்க ஆய்வுகளில மேல் நடிப்புத்தான் ஆளைக் களைக்க வைக்கிறதோட கூடச் சேந்து நிக்குது. ஹோட்டல் ரிசெப்ஷனிலயும் கோல் சென்டரிலயும் எட்டு மணித்தியாலம் நிண்டுபோட்டு வீட்ட வந்து அம்மாவோட உம்மெண்டு இருக்கிற பிள்ளைக்கு மூஞ்சி தேஞ்சு போச்சு, அவ்வளவுதான், அதைத் திமிர் எண்டு எடுக்கக் கூடாது.

பாக்கிற ஆளின்ர பிழை

இவ்வளவும் மூஞ்சிக்குச் சொந்தக்காரன் செய்ய வேண்டியது. ஆனா வாசிக்கிற ஆளும் பிழை விடுது எண்டதை மறைச்சா இந்த விளக்கம் பாதியில நிண்டிடும்.

2019இல லிசா ஃபெல்ட்மன் பரெட்டும் இன்னும் நாலு விஞ்ஞானிகளும் சேந்து, அது வரைக்கும் வந்த ஆய்வுகளைக் கிண்டிப் பாத்து ஒரு பெரிய அறிக்கை எழுதிச்சினம். கோவம் வந்த எல்லாரும் முறைக்கிறேல்லை, முறைக்கிற எல்லாருக்கும் கோவமும் இல்லை, ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், சந்தர்ப்பத்துக்குச் சந்தர்ப்பம் மாறுது, அதனால மூஞ்சியை மட்டும் வச்சு மனசைச் சொல்ல ஏலாது எண்டதுதான் சாரம்.

எங்கட தொல்காப்பியத்தில மெய்ப்பாட்டியலைத் திறந்து பாத்தா இது அவ்வளவு புதுசில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எண்டு எட்டைச் சொல்லிப்போட்டு, ஒவ்வொண்டும் நாலு நாலு காரணத்தால வரும் எண்டு போடுது. சிரிப்பு வாறது எள்ளல், இளமை, பேதைமை, மடன் எண்ட நாலால. நக்கலுக்கும் சிரிப்பு, விளங்காட்டியும் சிரிப்பு! சந்தோசத்துக்கு உவகை எண்டு வேற ஒண்டே தனியா வச்சிருக்கு. வாய் ஓரம் மேல போனதைக் கண்ட உடன "இவர் ஹேப்பி" எண்டு எழுதுற சொப்ட்வெயாரை விட அந்தப் பழைய ஆள் கவனம்.

சொப்ட்வெயார்காரரும் மெதுவா இறங்கி வருகினம். வீடியோ இன்டர்வியூ நடத்திற ஹயர்வியூ எண்ட அமெரிக்கக் கொம்பனி மூஞ்சியை அலசிற பகுதியைக் கைவிட்டதா 2021இல அறிவிச்சுது, மைக்ரோசொப்ட் 2022இல மூஞ்சியை வச்சு உணர்ச்சி சொல்லுற வசதியை நிப்பாட்டிச்சு, ஐரோப்பிய ஒன்றியத்தின்ர செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில 2025 பெப்ரவரி 2இல இருந்து வேலைத்தலத்திலயும் பள்ளிக்கூடத்திலயும் உணர்ச்சி கண்டுபிடிக்கிற மெஷின் தடை, மருத்துவம், பாதுகாப்புத் தேவைக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சட்டம் இங்க செல்லாது, ஆனா வெளிநாட்டு வேலைக்கு இங்க இருந்து இன்டர்வியூ குடுக்கிற பெடி பெட்டைகள் இதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது நல்லம்.

மூஞ்சி அசையவே அசையாத ஆக்களும் இருக்கினம். மோபியஸ் எண்ட பிறவி நிலையில ஆறாவது, ஏழாவது நரம்பு ஒழுங்கா வளந்திருக்காது, அவை சிரிக்க ஏலாது. அவையில கனபேர் குரலை ஏத்தி இறக்கி, கையை அசைச்சு, சொல்லால சொல்லிக் கதையைக் கொண்டு போகினம், கொஞ்ச நேரத்தில முன்னால இருக்கிறவர் மூஞ்சியைத் தேடுறதையே விட்டிடுவார். மூஞ்சி மந்தமான மற்ற ஆக்களுக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கு. பிறந்தநாளுக்கு ஆரும் ஒரு பரிசு தந்தா, சிரிப்பு வந்து சேர முந்தியே வாயால சொல்லிடுங்க: "அன்ரி, எனக்குச் சரியான சந்தோசம், என்ர மூஞ்சிதான் கொஞ்சம் லேட்டா வரும்."